கலமா, கட்டமா? செல்லுலார் ஆட்டோமேட்டாவுக்கு ஒரு சொல்

வந்தாறுமூலையிலிருந்து:
எல்லாருக்கும் வணக்கம். பல்கலைக்கழக முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கான கைநூல் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். சிறு சிறு செல்களாகப் பிரித்த தளத்தில், ஒவ்வொரு செல்லும் தன் அயலில் உள்ளவற்றைப் பார்த்து ஒரே விதிப்படி முறைக்கு முறை மாறும் கணித மாதிரிதான் செல்லுலார் ஆட்டோமேட்டா. அதற்கு 'கலத் தன்னியக்கி' என்று போட்டிருக்கிறேன். நம் பாடநூல்களில் செல் என்றால் கலம்தானே, விரிதாளிலும் அதுதான். சுற்றியுள்ள எட்டும் 'அயற்கலங்கள்'. யாருக்காவது மறுப்பு உண்டா?

காரைதீவிலிருந்து:
தம்பி, புணர்ச்சி சரி, பொருள்தான் இடிக்கிறது. கணிதவியலாளர் கொன்வேயின் 1970ஆம் ஆண்டு 'லைஃப்' விளையாட்டில், கலங்கள் பிறந்தும் செத்தும் மாறும் அந்த ஆட்டத்தில், ஐந்து கலங்கள் சேர்ந்து, நான்கு தலைமுறைக்கு ஒருமுறை மூலைவிட்டமாக ஓரிடம் நகருமே, அந்த இனத்துக்கு 'விண்கலம்' என்று எழுதியிருக்கிறீர். ஐந்து கலம் கூடி ஒரு கலமா? கலம் என்றால் பாத்திரம், கப்பல், ஆபரணம், பன்னிரண்டு மரக்கால் நெல். யாழுக்கும் அந்தப் பெயர் உண்டு. 1947இல் யாழ் நூல் தந்த விபுலாநந்த அடிகளின் ஊர்க்காரன் இதைச் சொல்லாமல் விட முடியுமா? 'கண்ணறை' என்று வையும். கண் என்பது துளை. வலைக்கண், தேங்காய்க்கண் எல்லாம் அந்த வழிதான். எல்லாச் சொல்லும் பொருள் குறித்தனவே என்பது தொல்காப்பியம்.

அக்கரைப்பற்றிலிருந்து:
சேர், யாழ் வரைக்கும் போய்விட்டீங்களே! கண்ணறை என்றால் என் பிள்ளைகள் கண் ஆஸ்பத்திரியைத்தான் நினைப்பார்கள். அதே விளையாட்டுக்குத்தான் சதுரக் கொப்பியில் வரிசையாக மூன்று சதுரங்களைப் பென்சிலால் நிரப்பச் சொன்னேன். நிரப்பியது உயிர். நடுவில் உள்ளதற்கு அயலில் இரண்டு உயிர், அது பிழைக்கும். ஓரங்களுக்கு ஒன்றுதான், அவை சாகும். நடுவுக்கு மேலும் கீழும் உள்ள வெற்றிடங்களுக்கு மூன்று மூன்று, அங்கே பிறக்கும். படுத்திருந்த கோடு எழும்பி நின்றது, அடுத்த முறை திரும்பவும் படுத்தது. "மிஸ், இந்தக் கட்டம் செத்துப் போச்சு" என்று அவர்களே சொன்னார்கள். கலம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. 'கட்டத் தன்னியக்கி' போதும்.

காரைதீவிலிருந்து:
அப்போ "அடுத்த கட்டத்தில் இந்தக் கட்டம்" என்று எழுதுவீர்களா? அறுகோணப் பின்னலிலும் இவை ஓடும். தேன்கூட்டைக் கட்டம் என்பாரா யாரும்?

கல்லடியிலிருந்து:
இடையில் ஒன்று. முந்திய எந்த அமைப்பிலிருந்தும் பிறக்க முடியாத அமைப்புக்கு 'ஏதேன் தோட்டம்' என்று போட்டிருக்கிறீர்கள். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரர் கோயிலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு 'தான்தோன்றி' நினைவுக்கு வரவில்லையா?

அக்கரைப்பற்றிலிருந்து:
தான்தோன்றித்தனம் என்று ஏசுவதற்கல்லவா அந்தச் சொல்? ஆனாலும் இது பிடித்திருக்கிறது.

காரைதீவிலிருந்து:
இதற்கு நானும் கை தூக்குகிறேன். ஒற்றை வரிசைத் தன்னியக்கிகளின் பெயர்களான 'விதி 30', 'விதி 110' என்பவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள், தலைவிதி என்று யாராவது சிரிப்பார்கள்.

வந்தாறுமூலையிலிருந்து:
விதி அப்படியே இருக்கட்டும், கணிதத்தில் பழகிய சொல். தலைப்பில் 'கலத் தன்னியக்கி'தான். பாடநூலோடு ஒத்துப்போக வேண்டும் என்று பெரும்பாலானோர் சொல்லிவிட்டார்கள், எனக்கும் இனி அலுத்துவிட்டது. பயிற்சிப் பக்கங்களில் மட்டும் மிஸ் சொன்ன 'கட்டம்'. விண்கலத்தை 'ஊர்தி' ஆக்கிவிட்டேன். தான்தோன்றியும் உள்ளே.

காரைதீவிலிருந்து:
ஒரே நூலில் ஒரு பொருளுக்கு இரண்டு சொல். நான் ஒப்பவில்லை என்பதைக் குறித்து வையும் தம்பி. அணிந்துரை கேட்டால் கண்ணறை என்றுதான் எழுதுவேன்.