வேலையால் வந்து கை நீட்டினால் பிள்ளை முகத்தைத் திருப்புகிறான், அம்மம்மாவிடம்தான் ஒட்டு. என்னை மறக்கிறானா?

தருமபுரத்தாள்:

எல்லாருக்கும் வணக்கம். மகனுக்கு ஒன்பது மாத ஊசி போட்டாச்சு, இன்னும் ஒரு வயது ஆகவில்லை. 84 நாள் லீவு முடியத் திரும்பவும் கார்மென்டுக்குப் போகத் தொடங்கினேன். இவர் கொழும்பில் மேசன் வேலை, மாதத்தில் ஒருக்கால் வருவார். ஆகவே பகல் முழுக்கப் பிள்ளை என் அம்மாவிடம்தான். கம்பனி பஸ் விடிய முதலே வந்துவிடும், நான் போகும்போது அவன் ஏணைக்குள் நித்திரை, வரும்போது பொழுதுபட்டுவிடும்.

முதலில் ஒரு பிரச்சினையும் இல்லை. யார் தூக்கினாலும் போவான், பக்கத்து வீட்டு அக்கா இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கே போய் வருவா. இப்போது கொஞ்சக் காலமாகத்தான் ஆளே மாறிவிட்டான். அம்மா கிணற்றடிக்குப் போனாலும் கத்துகிறான், புது ஆட்களைக் கண்டால் உதடு பிதுங்குகிறது. அதெல்லாம் பரவாயில்லை. நான் படலையைத் திறக்க என்னைத்தான் பார்ப்பான், கிட்டப் போய்க் கை நீட்டினால் மட்டும் முகத்தைத் திருப்பி அம்மம்மாவின் தோளுக்குள் புதைத்துவிடுவான். முகம் கழுவி, உடுப்பு மாற்றி, கொஞ்ச நேரம் சும்மா பக்கத்தில் இருந்தால்தான் மெல்ல வருவான். வந்த பிறகு இறங்கவும் மாட்டான், தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பான்.

சொந்தக்காரர் ஒருவர் "பெத்தவளை மறந்திட்டான், இனி அம்மம்மாதான் அம்மா" என்று பகிடிக்குச் சொன்னார். எனக்கு அது பகிடியாகப் படவில்லை, அன்றிரவு நித்திரையும் வரவில்லை. யூடியூபில் ஒருவர், மூன்று வயது வரை தாய் கூடவே இல்லாவிட்டால் பிள்ளையின் மூளையும் மனமும் பழுதாகிவிடும் என்கிறார். வேலையை விடலாம், ஆனால் கிழமைக்குக் கிழமை படலைக்கு வருகிற லோன்காரருக்கு என்ன சொல்வது? உண்மையாகவே பிள்ளைக்கு என்னோடுள்ள ஒட்டு குறைகிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முள்ளியவளை மூர்த்தி:

தங்கச்சி, கோபிக்க வேண்டாம். காசு எப்போதும் உழைக்கலாம், பிள்ளையின் இந்த வயது திரும்ப வராது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்மார் வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு போகக்கூடாது என்று 2013இல் அரசாங்கமே கட்டுப்பாடு போட்டது, சும்மாவா? தாய் சவூதிக்குப் போன வீடுகளில் பிள்ளைகள் பட்ட பாட்டை எங்கள் பக்கத்தில் கண்ணால் பார்த்திருக்கிறேன். தோட்டம் செய்யலாம், கோழி வளர்க்கலாம். வேலையை விடுங்கள்.

பாண்டியன்குளம்:

மூர்த்தி அண்ணை, இரண்டு வருடத்துக்குக் கடல் கடந்து போவதும் பொழுதுபட வீட்டுக்கு வருவதும் ஒன்றா? தகப்பன் மாதத்தில் ஒருக்கால்தான் வருவதைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை, அதையும் கவனித்தேன்.

தங்கச்சி, நான் உளவளத்துணை வேலையில் இருக்கிறேன், இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும். முதலில் ஒன்று. உங்கள் மகன் உங்களை மறக்கவில்லை. மறந்திருந்தால் புது ஆட்களைக் கண்டு உதடு பிதுக்குகிறானே, அதையே உங்களுக்கும் செய்வான். படலைச் சத்தத்துக்கு உங்களைத் தேடிப் பார்க்கிறான், பிறகு திருப்புகிறான், பிறகு வந்து இறங்க மாட்டேன் என்கிறான். இது ஆளைத் தெரிந்த பிள்ளை செய்கிற வேலை.

இனி, ஏன் திடீரென்று மாறினான் என்பது. இது மனம் கெட்டதால் வந்த மாற்றம் இல்லை, யோசனை வளர்ந்ததால் வந்தது. சுவிஸ் உளவியலாளர் ஜீன் பியாஜே தன் மூன்று பிள்ளைகளையும் கைக்குழந்தையிலிருந்து பக்கத்தில் இருந்து பார்த்துக் குறிப்பெழுதியவர். நாலைந்து மாதப் பிள்ளை ஆசைப்பட்டு எட்டிப் பிடிக்கப் போகிற சாமானைத் துணியால் மூடினால் அப்படியே விட்டுவிடும், எட்டு மாதம் அளவில்தான் துணியை இழுத்து எடுக்கத் தொடங்கும் என்று கண்டார். கண்ணில் படாததும் எங்கோ இருக்கிறது என்ற அறிவு அது. (பிறகு 1985இல் ரெனே பாயார்ஜோன் என்பவரும் கூட்டாளிகளும் செய்த சோதனையில், ஐந்து மாதப் பிள்ளைகளே மறைந்த பொருள் இல்லாமல் போய்விடவில்லை என்பதுபோல் கூர்ந்து பார்த்தன. ஆகவே அறிவு முந்தி வருகிறது, கை பிந்தி வருகிறது என்றும் சொல்லலாம், அதில் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.) இதை அம்மம்மா கிணற்றடிக்குப் போவதோடு வைத்துப் பாருங்கள். அவ எங்கோ இருக்கிறா என்று இப்போது தெரியும், எப்போது வருவா என்று தெரியாது. நேரம் என்ற ஒன்று அவனுக்கு இன்னும் இல்லை. கத்தாமல் என்ன செய்வான்?

அந்த யூடியூப்காரர் சொன்னதற்கும் ஒரு பழைய வேர் இருக்கிறது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு வீடில்லாமல் போன பிள்ளைகளைப் பற்றி ஜோன் போல்பி என்ற ஆங்கிலேய மருத்துவர் உலக சுகாதார நிறுவனத்துக்கு 1951இல் அறிக்கை எழுதினார். தாயோடு, அல்லது தாய்க்குப் பதிலாக நிலையாக நிற்கிற ஒருவரோடு, பிள்ளைக்கு அன்பான, அறுபடாத உறவு வேண்டும் என்றார். அந்த "அல்லது" என்பதை விட்டுவிட்டுத்தான் பலர் சொல்லித் திரிகிறார்கள். அவர் பார்த்தவை ஆசுபத்திரியிலும் விடுதியிலும் விடப்பட்ட பிள்ளைகள், அம்மம்மாவின் இடுப்பில் இருந்த பிள்ளைகள் இல்லை.

1964இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் ஷாஃபர், எமர்சன் என்ற இருவர் 60 குழந்தைகளை வீட்டில் வைத்தே மாதாமாதம் பார்த்தார்கள். ஏழெட்டு மாதத்தில் ஒரு ஆளோடு ஒட்டு இறுகுகிறது, ஒன்றரை வயதாகும்போது பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பலரோடு ஒட்டு: தகப்பன், பாட்டி, அண்ணன், அயல்வீடு. இன்னொன்றும் கண்டார்கள். கூட நேரம் இருந்தவர், பால் பருக்கிக் குளிக்க வார்த்தவர்தான் முதல் ஆள் என்று இல்லை. பிள்ளை கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறவர், கதை கொடுக்கிறவர், அவரிடம்தான் பிள்ளை போனது. அம்மம்மாவோடு ஒட்டு கூடினால் உங்கள் பங்கு குறையும் என்று கணக்குப் பார்க்காதீர்கள். இரண்டு பேர் இருப்பது அவனுக்கு லாபம்.

முகத்தைத் திருப்புவதற்கு வருகிறேன். மேரி எயின்ஸ்வேர்த் என்ற உளவியலாளர் 1950களில் உகண்டாவில் கம்பாலாவுக்குக் கிட்டிய கிராமங்களில் தாய்களையும் பிள்ளைகளையும் பார்த்தவர், பிறகு அமெரிக்காவில் ஒரு சோதனை முறையை உருவாக்கினார். ஒரு வயதுப் பிள்ளையைத் தாய் அறையில் சில நிமிடம் விட்டுப் போய்த் திரும்ப வருவா. போகும்போது எவ்வளவு அழுகிறது என்பதை விட, வந்ததும் என்ன செய்கிறது என்பதைத்தான் அவ முக்கியமாகப் பார்த்தா. இதை வாசித்துவிட்டு உடனே "முகத்தைத் திருப்புகிறான், ஒட்டு பழுது" என்று மகனுக்கு முத்திரை குத்திவிடாதீர்கள்! பகல் முழுக்கப் பிரிந்து, களைத்து, பொழுதுபட்ட பிறகு நடப்பது வேறு. அவன் கொஞ்ச நேரத்தில் வந்து ஒட்டிக்கொள்கிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அந்த வரிதான் முக்கியம்.

அமெரிக்காவில் 1990களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து பார்த்தார்கள். தாய் வேலைக்குப் போய், பிள்ளையை வேறு ஆட்கள் பார்ப்பதால் மட்டும் தாயோடுள்ள ஒட்டு பழுதாகவில்லை. வெளியிலும் கவனிப்பு மோசம், வீட்டிலும் பிள்ளையின் குறிப்பைப் பிடிக்க ஆள் இல்லை என்ற இடங்களில்தான் ஆபத்துக் கூடியது.

மாங்குளம் தகப்பன்:

இதை வாசித்துவிட்டு சும்மா இருக்க முடியவில்லை. மகளுக்கும் இதே வயதுதான். பாயில் இரண்டு துவாய் விரித்து, சிரட்டையை இடப்பக்கத் துவாய்க்குக் கீழே வைத்தேன், டக்கென்று எடுத்தாள். திரும்பத் திரும்ப அதே பக்கம் வைத்தேன், ஒவ்வொரு முறையும் எடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பு. பிறகு அவள் பார்த்துக்கொண்டிருக்கவே வலப்பக்கம் வைத்தேன். போய் இடப்பக்கத் துவாயைத் தூக்குகிறாள்! சிரட்டை பக்கத்தில் முட்டிக்கொண்டு தெரிகிறது, இவள் வெறும் பாயைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னை முறைக்கிறாள். மனிசி வந்து "உங்களில ஆர் குழந்தை" என்று கேட்டா. இது ஏன் இப்படி?

பாண்டியன்குளம்:

அண்ணை, இதே பிழையையும் பியாஜே எழுதி வைத்திருக்கிறார், எட்டு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் வரும். எங்கே வைத்தீர்கள் என்று அவள் கண்டாள், ஆனால் கை முன்பு வென்ற பக்கத்துக்கே போய்விடுகிறது. பழகிய அசைவை நிறுத்திவிட்டுப் புதியதைச் செய்ய நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப்பகுதி முற்ற வேண்டும், அது மெல்லத்தான் முற்றும். ஒளித்த உடனே எடுக்க விட்டால் சரியாக எடுப்பாள், கொஞ்ச நேரம் அவளைப் பிடித்து வைத்திருந்து விட்டால் பிழை விடுவாள். இன்னும் இரண்டு மூன்று மாதத்தில் உங்களை ஏமாற்றுவாள்.

மல்லாவி ரீச்சர்:

முன்பள்ளியில் கனகாலம் இருக்கிறேன், ஆகவே படிப்பை விடக் கண்டதைச் சொல்கிறேன். தங்கச்சி, வந்தவுடன் பறித்துத் தூக்காதீர்கள். அம்மம்மாவின் மடியில் இருக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நிலத்தில் இருந்து அம்மாவோடு கதையுங்கள், கையில் ஒரு கரண்டியோ மூடியோ வைத்துத் தட்டுங்கள். அவன் எட்டிப் பார்ப்பான், பிறகு கை வரும், பிறகு ஆளே வருவான். நீங்கள் தற்செயலாகச் செய்கிற அந்த "சும்மா பக்கத்தில் இருப்பது" தான் மருந்து.

அடுத்தது ஒளித்து ஓடுவது. "காணாமல் போ, கண்டால் அழுவான்" என்று எங்கள் ஊரில் எல்லாரும் சொல்வார்கள். வேலைக்குப் போகும்போது நித்திரையென்றால் பரவாயில்லை, அதற்காக விடியப்புறம் எழுப்பாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகும்போது சொல்லிவிட்டே போங்கள், அழட்டும். ஒளித்துப் போனால் எந்த நேரமும் அம்மா காணாமல் போகலாம் என்று கண்ணை எடுக்காமல் காவல் இருக்கும். முன்பள்ளி வாசலில் இரண்டும் பார்க்கிறேன். சொல்லிவிட்டுப் போன தாயின் பிள்ளை சத்தமாக அழுதாலும் கெதியாக விளையாட வந்துவிடும்.

அப்புறம் போன். பிள்ளை மடியில், கண் போனில். எட் ட்ரோனிக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் ஒன்று செய்தார், தாய் பிள்ளையோடு சிரித்துக் கதைத்துவிட்டு இரண்டொரு நிமிடம் முகத்தை அசையாமல் வைத்திருக்க வேண்டும். பிள்ளை சிரித்துப் பார்க்கும், கை காட்டும், கத்தும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். போன் பார்க்கிற எங்கள் முகம் அந்த முகம்தான். தகப்பனோடு வீடியோவில் கதைப்பது வேறு, அது ஆள். அதை விடாதீர்கள், கதைக்கும்போது பிள்ளையை நீங்கள் மடியில் வைத்திருங்கள்.

தருமபுரத்தாள்:

எல்லாருக்கும் நன்றி, வாசித்து அழுதுவிட்டேன். இன்னொரு விசயம் கேட்க வேண்டும். அம்மா அவனை நிலத்தில் விடவே மாட்டா. 2009இல் கடைசிச் சண்டையில் மாத்தளனில் என் தம்பியைப் பறிகொடுத்தவ. கண்ணிவெடி எடுக்கிறவர்கள் எங்கோ தூரத்தில் வெடிக்க வைத்தால்கூடப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவா, அவனும் அந்த நேரம் அம்மாவின் முகத்தையே பார்ப்பான். அம்மாவிடம் நான் என்னத்தைச் சொல்ல? ஆனால் அவன் இன்னும் தவழவில்லை.

பாண்டியன்குளம்:

அம்மாவிடம் பிழை சொல்லாமல் கேட்டிருக்கிறீர்கள், அதுவே நல்லது. முகத்தைப் பார்க்கிறான் என்றீர்களே, ஒரு வயதை ஒட்டிய பிள்ளைகள் அப்படித்தான் உலகத்தைப் படிக்கும். 1985இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். கண்ணாடி மேசைக்குக் கீழே படி இறங்குவதுபோல் தெரியும், மறுபக்கம் தாய். தாய் சிரித்த முகம் காட்டியபோது ஒரு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலானவை தாண்டி வந்தன, பயந்த முகம் காட்டியபோது ஒன்றுகூடத் தாண்டவில்லை. இரண்டாம் உலகப்போரில் லண்டனில் குண்டு விழுந்த காலத்தில் சிறுவர் காப்பகம் நடத்திய அன்னா பிராய்டும் டொரத்தி பேர்லிங்ஹாமும் இதையே வேறு விதமாகக் கண்டார்கள். குண்டை விட, வளர்க்கிறவரின் பதற்றமும் அவரைப் பிரிவதும்தான் சிறு பிள்ளைகளை உலுக்கியது.

ஆனால் வன்னியில் இருந்துகொண்டு அம்மாவிடம் "பயப்படாதே" என்று சொல்ல எனக்கு வாய் வராது. சத்தம் கேட்டால் தூக்கட்டும். தூக்கிய பிறகு "அது வெடி எடுக்கிற ஆட்கள் மகன், தூரத்தில" என்று பிள்ளைக்குச் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைக்கு விளங்காது, சொல்லுகிற அம்மாவுக்கு மூச்சு இறங்கும், அவனுக்கு அது போதும். அம்மாவுக்கு நித்திரை குறைவு, நெஞ்சுப் படபடப்பு இருந்தால் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு ஒருக்கால் கூட்டிக்கொண்டு போங்கள். பிள்ளைக்காக என்று சொன்னால் வருவா.

கிளினிக் மிஸ்:

நான் குடும்ப நல உத்தியோகத்தர். தவழாமலே எழும்பி நடக்கிற பிள்ளைகளும் உண்டு, அதை வைத்துப் பயப்பட வேண்டாம். பிடிமானம் இல்லாமல் தானாக உட்காருகிறானா, பெயர் சொன்னால் திரும்புகிறானா, மா பா என்று சத்தம் கொடுக்கிறானா, இவைதான் எனக்கு வேண்டும். இல்லையென்றால், அல்லது செய்ததை நிறுத்திவிட்டால், அடுத்த நிறை பார்க்கிற நாள் வரை இருக்காமல் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு வாங்கள்.

ஒருவரும் சொல்லாத ஒன்று. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்கிற தாய்க்கு, வேலை நாளில் இரண்டு இடைவேளை சட்டத்தில் இருக்கிறது. வேலைத்தலத்தில் பிள்ளைப் பராமரிப்பிடம் இருந்தால் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். பிரசவ லீவை விட இது மேலதிகம், மற்ற ஓய்வு நேரத்தில் கழிக்க முடியாது. தருமபுரத்துக்கு வந்து போக ஏலாதுதான், ஆனால் இரண்டையும் சேர்த்துப் பின்னேரம் முந்தி விடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

தருமபுரத்தாள்:

மிஸ், உட்காருகிறான், திரும்புகிறான், "மம்மம்மா" என்று சத்தமும் வருகிறது, அது எனக்கா சோற்றுக்கா என்று தெரியாது. இடைவேளை விசயம் எங்கள் லைனில் ஒருவருக்கும் தெரியாது, நாளைக்கே கேட்கிறேன். கூட இன்னும் இரண்டு தாய்மார் இருக்கிறார்கள், மூன்று பேரும் சேர்ந்து கடிதம் கொடுக்கப் போகிறோம். அம்மாவிடம் வேம்புக்குக் கீழே பாய் போட்டு அவனை விடச் சொன்னேன், கோழி வந்து கொத்தும் என்கிறா.

மல்லாவி ரீச்சர்:

அம்மாவைத் தடியோடு பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள். கோழியைப் பிடிக்கத்தான் அவன் தவழத் தொடங்குவான்.