டாக்டர் பஷீரின் ரகசியம் உடைந்தபோது உங்கள் வீட்டில் என்ன சொன்னார்கள்?

நாகர்கோவிலிலிருந்து

ஸ்டார் ட்ரெக் வரிசையில் வந்த 'டீப் ஸ்பேஸ் நைன்' என்ற விண்வெளித் தொடரில் 1993லிருந்து ஜூலியன் பஷீரை வாய் ஓயாத, கொஞ்சம் அலட்டலான இளம் டாக்டராகத்தான் காட்டினார்கள். 1997 பிப்ரவரியில் வந்த ஒரு எபிசோடில் குண்டைத் தூக்கிப் போட்டார்கள். ஏழு வயது ஆவதற்குள் பெற்றோர் அவரை வேறொரு கிரகத்துக்குக் கொண்டுபோய், சட்டத்துக்குத் தெரியாமல் மரபணுவை மாற்றி அறிவாளி ஆக்கியிருக்கிறார்கள். கான் என்ற வில்லனும் அவனைப் போல மரபணு மாற்றப்பட்டவர்களும் கிளப்பிய யூஜெனிக்ஸ் போர்களுக்குப் பிறகு அந்தக் கதையுலகில் இது தடை செய்யப்பட்ட காரியம். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும்.

நடித்த அலெக்சாண்டர் சித்திக்குக்கே இந்தத் திருப்பம் பிடிக்கவில்லையாம். எனக்கும்தான். இத்தனை வருடம் பழகின ஆளை ஒரே எபிசோடில் வேறு ஆளாக்கினால் எப்படி? ஆனால் கூட உட்கார்ந்து பார்த்த யாருமே என் கட்சிக்கு வரவில்லை. உங்கள் பக்கம் எப்படி?

ஆசாரிபள்ளம், மருத்துவ மாணவி

ஹாஸ்டலில் லேப்டாப்பில் பார்த்தோம். பஷீர் கடைசித் தேர்வில் ப்ரீகாங்லியானிக் நரம்பு இழையை போஸ்ட்காங்லியானிக் நரம்பு என்று மாற்றிச் சொல்லித்தான் முதலிடத்தை விட்டார் என்று முந்தைய எபிசோடுகளில் வரும். அப்போதே சிரித்தோம். முன்னது நரம்பு முடிச்சு வரை வருவது, மயலின் உறை உண்டு. பின்னது முடிச்சிலிருந்து உறுப்புக்குப் போவது, உறை கிடையாது. முதல் வருடத்திலேயே மண்டையில் ஏற்றிவிடுவார்கள். வேண்டுமென்றே தப்பாகச் சொன்னார் என்று மூன்றாவது சீசனிலேயே ஒரு ஜாடை வரும். ரகசியம் உடைந்ததும் அறைத்தோழி சொன்னாள்: "முதல் ரேங்க் வாங்கினா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. அதான் ரெண்டாவதா நின்னுக்கிட்டான்." எழுதியவர்கள் முன்பே யோசித்தார்களோ தற்செயலோ, கச்சிதமாகப் பொருந்துகிறது.

நீட் ரிப்பீட்டராக வந்த இன்னொருத்திக்கு மட்டும் கோபம். "அப்போ ராத்திரி முழிச்சுப் படிச்ச நாங்கல்லாம் யாரு?" என்று எழுந்து போய்விட்டாள். அந்தக் கோபம் பஷீர் மேல் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

குழித்துறை

நீங்கள் எல்லாம் பெரிய பெரிய விஷயம் பேசுகிறீர்கள். எனக்கு டார்ட்ஸ், அதாவது பலகையில் குறிபார்த்து அம்பு எறியும் ஆட்டம் வரும் காட்சிதான். இத்தனை நாள் பஷீர் விட்டுக்கொடுத்துத்தான் ஆடியிருக்கிறார் என்று அவருடைய நண்பர் ஓ'பிரையனுக்குத் தெரிகிறது. நிஜமாக எறியச் சொன்னால் எல்லாம் நடுவிலேயே குத்துகிறது. அப்புறம் ஓ'பிரையன் அவரைத் தள்ளி நிற்கவைத்து ஆட்டத்தைத் தொடர்கிறார்.

இதை எங்கள் வாசகசாலையில் கேரம் ஆடும் கூட்டாளியிடம் சொன்னேன். ஸ்டிரைக்கரைக் கீழே வைத்துவிட்டார். "லேய், நீ எங்கிட்ட அப்படி எப்பவாவது தோத்திருக்கியா?" இல்லை அண்ணே என்றேன். நம்பவில்லை. அன்றிலிருந்து நான் சிவப்புக் காயைத் தவறவிட்டால் முகத்தையே உற்றுப் பார்க்கிறார். சவம், நிம்மதியாகத் தோற்கக்கூட முடியவில்லை.

பத்மநாபபுரம், ஓய்வுபெற்ற கோர்ட் ஊழியர்

மகனின் வேலை தப்ப பஷீரின் அப்பா ரெண்டு வருஷம் உள்ளே போகச் சம்மதிக்கிறார். சிறை நியூசிலாந்தில். நான் பார்த்த சமரசங்களில் இது ரொம்ப மலிவு.

தக்கலை

எல்லோரும் மார்க்கையும் ஆட்டத்தையும் பேசுகிறீர்கள். மாற்றுவதற்கு முன்னால் அந்தப் பையன் எப்படி இருந்தான் என்பதை யாருமே சொல்லவில்லையே? ஒன்றாம் வகுப்பில் நாய்க்கும் பூனைக்கும், மரத்துக்கும் வீட்டுக்கும் வித்தியாசம் சொல்லத் தெரியாதவன். என் சின்னவன் கிட்டத்தட்ட அப்படித்தான். கர்ப்பமாக இருக்கும்போது நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனோ என்று பஷீரின் அம்மா சொல்லும் இடத்தில் என் மாமியார் டிவியை அணைக்கச் சொன்னார். எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை அவர்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

பழைய ஜூல்ஸ் (சின்ன வயதில் பஷீரின் பெயர்) மரபணுவை மாற்றிய அந்த ஆஸ்பத்திரியிலேயே செத்துப்போனான் என்று பஷீர் பெற்றோரிடம் கத்துவார். எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது. பிறகு, அப்படி ஒரு ஆஸ்பத்திரி இருந்தால் நான் போவேனா என்று யோசித்தேன். போவேன். என் மகனிடம் மட்டும் சொல்லமாட்டேன்.

நாகர்கோவிலிலிருந்து, பதில்

அக்கா, அந்த அம்மா பேசும் காட்சியை நான் அவ்வளவு கவனித்துப் பார்க்கவில்லை, இன்று ராத்திரி போட்டுப் பார்க்கிறேன். ஆனாலும் முதல் சீசனிலேயே ஒரு கோடாவது காட்டியிருக்க வேண்டும் என்பதில் நான் மாறமாட்டேன். மார்த்தாண்டம், குளச்சல் பக்கத்து ஆட்கள் யாரும் வாய் திறக்கக் காணோமே?