பத்துத் தோட்டாவுக்கு மேல் கூடாது: மேகசின் விதியோடு உங்கள் அனுபவம் என்ன?

பெல்வியூ, வாஷிங்டன் மாநிலம் (திரியைத் தொடங்கியவர்)

2022 கடைசியில் டல்லாஸிலிருந்து இங்கே குடிவந்தேன். கிரீன் கார்டு வந்த கையோடு அங்கே ஒரு கிளாக் 17 கைத்துப்பாக்கி வாங்கியிருந்தேன். அதோடு வரும் மேகசினில், அதாவது துப்பாக்கியில் செருகும் தோட்டாக் கூட்டில், 17 தோட்டா பிடிக்கும். டெக்ஸாஸில் அதைப் பெரிய மேகசின் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சாமான் கட்டும்போது மச்சான்தான் கேட்டான்: "அந்த ஊர்ல இதை உள்ள விடுவாங்களாடா?"

தேடிப் பார்த்தால், விட மாட்டார்களாம். 2022 ஜூலை 1 முதல் வாஷிங்டனில் பத்துத் தோட்டாவுக்கு மேல் பிடிக்கும் மேகசினைச் செய்யக் கூடாது, விற்கக் கூடாது, வெளியிலிருந்து கொண்டுவரவும் கூடாது. ஆனால் அதற்கு முன்பே இங்கே வைத்திருந்தவர் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். அதை எடுத்துக்கொண்டு ஐடஹோ வரை போய்த் திரும்பி வந்தாலும் அது 'இறக்குமதி' ஆகாது. அதே பொருளை நான் டிக்கியில் போட்டுக்கொண்டு குடிவந்தால் குற்றம். சரி என்று துப்பாக்கியை மட்டும் கொண்டுவந்தேன். மேகசின் மூன்றும் மச்சான் வீட்டிலேயே தங்கிவிட்டன.

அம்மாவிடம் போனில், "மேகசினை எல்லாம் அங்கேயே விட்டுட்டேம்மா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "பழைய புத்தகம்தானே, போனா போகுது" என்றார். துப்பாக்கி வாங்கியது அவருக்கு இன்றுவரை தெரியாது.

இங்கே ஒரு கடையில் பத்துத் தோட்டா மேகசின் வாங்கினேன். வெளியே அதே அளவு, அதே வடிவம். உள்ளேதான் இடம் குறைவு. கடைப் பெரியவர் கல்லாப் பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தார். நான் ஆயுத உரிமை பற்றிய அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் என்று நினைத்தேன். இல்லை, அது வாஷிங்டனின் சொந்த அரசியலமைப்பு, 1889இல் எழுதியது, முதல் பகுதி 24ஆம் பிரிவு. தன்னையோ மாநிலத்தையோ காத்துக்கொள்ள ஆயுதம் தாங்கும் தனிக் குடிமகனின் உரிமை குறைக்கப்படக் கூடாது என்கிறது. அதன் பின்பாதியைத்தான் நான் ரசித்தேன்: இதைக் காட்டி எந்த ஆளோ நிறுவனமோ ஆயுதப் படை வைத்துக்கொள்ள முடியாது. அந்தக் காலத்தில் நிலக்கரிச் சுரங்க முதலாளிகள் வேலைநிறுத்தத்தை உடைக்க ஆயுதக் காவலாட்களை இறக்கிய கதை அதற்குப் பின்னால் இருக்கிறது. பெரியவர் அந்தப் பாதியை மட்டும் ஒட்டவில்லை.

உங்கள் ஊரில் எப்படி?

ரெட்மண்ட்

அண்ணா, அந்தத் தாளில் 'குடிமகன்' என்று இருப்பதைக் கவனித்தீர்களா? எனக்கு அது உடனே கண்ணில் பட்டது, ஏனென்றால் நான் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன்.

போன வருடம் அலுவலகத்தில் டீம் அவுட்டிங் என்று ஷூட்டிங் ரேஞ்சுக்குக் கூட்டிப் போனார்கள். முன்னே ஒரு படிவம் நீட்டினார்கள். அதில் விசா பற்றிய கேள்வி. வேட்டை லைசென்ஸ் போல ஒரு விதிவிலக்கு இல்லையென்றால், என் விசாவில் இருப்பவர் வாடகைத் துப்பாக்கியைக்கூடக் கையில் எடுக்கக் கூடாது. அது மத்திய அரசுச் சட்டம். ஆக எல்லோரும் உள்ளே, நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காபியோடு. சும்மா இருக்க முடியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து, மேகசின் மாற்ற ஒரு நிறுத்தம், மறுபடி பத்து. பழகிய ஆளுக்கு அந்த நிறுத்தம் இரண்டு மூன்று நொடிதான். ஆனால் துப்பாக்கியோடு யாராவது பள்ளிக்குள் வந்தால் என்று என் மகன் ஒன்றாம் வகுப்பில் விளக்கை அணைத்து மேசைக்கடியில் ஒளிந்து பழகுகிறான். அந்த இரண்டு நொடி எனக்குச் சின்னதாகத் தெரியவில்லை.

வான்கூவர் (கனடா இல்லை, வாஷிங்டன்!)

என் கதை 2024 ஏப்ரல் 8. டெக்ஸாஸ் பக்கம் முழு சூரிய கிரகணம் நடந்த அதே திங்கட்கிழமை. கெல்சோ ஊரின் கேட்டர்ஸ் கஸ்டம் கன்ஸ் கடை வழக்கில், கவுலிட்ஸ் கவுண்டி நீதிபதி கேரி பேஷர் இந்தத் தடை மாநில அரசியலமைப்புக்கும் நாட்டின் அரசியலமைப்புக்கும் விரோதம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். செய்தி போனில் வந்ததும் அந்தக் கடையில் மேகசின் வாங்கக் காரை எடுத்தேன். ஐ-5 நெடுஞ்சாலையில் நாற்பது மைல்தான். உட்லண்ட் தாண்டும்போது நண்பன் கூப்பிட்டான்: "திரும்புடா, தீர்ப்புக்கு ஸ்டே வாங்கிட்டாங்க." தீர்ப்பு வந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும், அவ்வளவுதான். அடுத்த எக்ஸிட்டில் இறங்கி ஒரு பர்கர் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

2025 மே 8இல் மாநில உச்ச நீதிமன்றம் 7-2 என்று முடித்துவிட்டது. பத்துக்கு மேல் பிடிக்கும் மேகசின் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள்ளேயே வராதாம், ஆகவே 24ஆம் பிரிவின் காப்பும் அதற்கு இல்லை. எனக்கு இது ஒப்பவில்லை. மேகசின் இல்லாத என் துப்பாக்கியால் என்ன செய்வது, தேங்காய் உடைப்பதா? அம்பறாத்தூணி ஆயுதமா இல்லையா என்று நம் ஊர்ப் பட்டிமன்றத்தில் விட்டால் மூன்று மணி நேரம் ஓட்டுவார்கள். அதற்காகப் பத்து என்ற எண்ணே தப்பு என்று நான் சொல்லவில்லை. எண்ணுக்குக் காரணம் சொல்லுங்கள், சொல்லை மாற்றாதீர்கள் என்கிறேன்.

அரோரா, கொலராடோ

காரணம்தானே, நான் சொல்கிறேன் தம்பி. 2012 ஜூலை 20 இரவு எங்கள் ஊர்த் தியேட்டரில் ஒருவன் நூறு தோட்டா டிரம் மாட்டிய துப்பாக்கியோடு வந்தான். 12 பேர் செத்தார்கள். என் பக்கத்து வீட்டுப் பையன் அன்று படத்துக்கு டிக்கெட் கிடைக்காமல் திரும்பி வந்தவன். இன்னொன்றும் நினைவிருக்கலாம், 2011 ஜனவரியில் அரிசோனாவின் டூசானில் 33 தோட்டா தீர்ந்து அடுத்த மேகசினை மாற்றப் போன நேரத்தில்தான் அங்கிருந்தவர்கள் சுட்டவனை மடக்கினார்கள்.

இங்கே 2013 ஜூலையிலிருந்து வரம்பு 15. அதற்கு வாக்களித்த செனட்டர்கள் இருவரை அந்த செப்டம்பரிலேயே மக்கள் ஓட்டுப் போட்டுப் பதவியிலிருந்து திருப்பி அழைத்தார்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட ஷெரிஃப்கள், அதாவது கவுண்டி போலீஸ் தலைவர்கள், இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். மேகசின் செய்யும் மேக்புல் கம்பெனி மாநிலத்தை விட்டே போனது. 2020இல் எங்கள் மாநில உச்ச நீதிமன்றம் வரம்பு செல்லும் என்றது. இத்தனைக்கும் மேகசின் ஆயுதமா என்று அவர்கள் மல்லுக்கட்டவில்லை. மக்கள் பாதுகாப்புக்காக அரசு வைத்த நியாயமான வரம்பு என்று பார்த்தார்கள். உன் குறைக்கு எங்கள் வழி பொருந்தும் என்று நினைக்கிறேன்.

பெல்வியூ

வான்கூவர் நண்பரே, உட்லண்டில் பர்கர் எந்தக் கடை என்று தனியாகச் சொல்லுங்கள்.

மச்சான் அடுத்த மாதம் குடும்பத்தோடு வருகிறான். "உன் மேகசினைப் பெட்டியில போட்டுக் கொண்டாரவா, ஊறுகாய் கொண்டாரவா?" என்று கேட்டான். மாவடு மட்டும் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.