சிட்டி விடெக்குக்கு ஹெட்டர்: 4-1 ஆ, 4-2-1 ஆ?

சத்துவாச்சாரி_விடெக்
எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது அப்பா வாங்கிய 2002 ஹோண்டா சிட்டி 1.5 விடெக் (இன்ஜின் வேகம் ஏறியதும் வால்வை அதிகம் திறக்கும் ஹோண்டா இன்ஜின்), 106 குதிரைத்திறன். போன வருடம் இன்ஜின் வேலை முழுதாகப் பார்த்தாயிற்று, நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் சமமாக நிற்கிறது. இப்போது ஹெட்டர் (இன்ஜின் புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) மாற்ற ஆசை. சென்னையில் ஒருவரிடம் பழைய ஜப்பான் 4-1 ரேஸ் ஹெட்டர் (நாலு குழாயும் நேரே ஒன்றாவது) இருக்கிறது. ராணிப்பேட்டையில் ஒரு பட்டறையில் 4-2-1 (நாலு குழாய் முதலில் இரண்டாகி, பிறகு ஒன்றாவது) செய்து தருகிறேன் என்கிறார்கள். விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். தினமும் சிப்காட் வரை போய் வருகிறேன், மாதம் ஒருமுறை ஏலகிரி, வருடத்துக்கு இரண்டு மூன்று நாள் இருங்காட்டுக்கோட்டை டிராக். எதை வாங்கலாம்?

ரெட்லைன்_ராஜா
யோசிக்காமல் 4-1 எடுங்க ப்ரோ. நாலு குழாயும் ஒரே இடத்தில் சேருவதால் மேல் ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்ற கணக்கு) இன்ஜின் தங்கு தடையில்லாமல் மூச்சு விடும். விடெக்கின் உயிரே அந்த மேல் பாதிதான். டிராக்கில் நீங்கள் 4000க்குக் கீழே இறங்கவே மாட்டீர்கள். அதுவும் ஜப்பான் சரக்கு, வளைவுகளெல்லாம் மேன்ட்ரல் பெண்ட் (உள்ளே தாங்கு கம்பி வைத்து, சப்பையாகாமல் வளைப்பது). நம்ம ஊர்ப் பட்டறையில் வளைத்தால் குழாய் வளைவில் சப்பையாகிவிடும்.

காட்பாடி_ஸ்பேனர்
டிராக் வருடத்துக்கு மூன்று நாள் என்று தம்பியே சொல்கிறார். மீதி 362 நாள் வண்டி எந்த ஆர்பிஎம்மில் ஓடும்?

ஏலகிரியில் 14 கொண்டை ஊசி. ஒவ்வொன்றிலும் இரண்டாவது கியரில் 2500க்கு இறங்கி, அங்கிருந்து இழுத்து வெளியே வரவேண்டும். அந்த இழுவையைத் தருவது 4-2-1. இந்த இன்ஜினின் ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை) 1-3-4-2. அதில் 1ஐயும் 4ஐயும் ஒரு ஜோடியாக, 2ஐயும் 3ஐயும் இன்னொரு ஜோடியாகச் சேர்த்தால், ஒரே ஜோடியில் இரண்டு வெடிப்புகளுக்கு நடுவே ஒரு முழுச் சுற்று இடைவெளி கிடைக்கும். ஒரு சிலிண்டரின் புகை மற்றதை இடிக்காது. முன்னே போன அலை பின்னால் வருவதை உறிஞ்சி இழுக்கும். குழாயின் நீளம் கூடக்கூட இந்த உறிஞ்சல் கீழ் ஆர்பிஎம்மில் வேலை செய்யும். நடு ரேஞ்ச் நிறைவது அதனால்தான்.

பாலாறு_பையன்
ஹெட்டர் போட்டால் பேக் பிரஷர் (புகை வெளியேறுவதற்கு எதிரான அழுத்தம்) போய்விடும், அதனால் பிக்கப் குறையும் என்கிறார்களே?

காட்பாடி_ஸ்பேனர்
தம்பி, இந்தப் பேச்சை நானும் இருபது வருடமாகக் கேட்கிறேன். எந்த இன்ஜினுக்கும் பேக் பிரஷர் தேவையில்லை, தேவைப்படுவது புகையின் வேகம். 1.5 லிட்டருக்குப் போய் ஒன்றே முக்கால் இன்ச் குழாய் போட்டால் வேகம் செத்துப்போகும், பிக்கப்பும் போகும். அதைப் பார்த்துவிட்டுப் பேக் பிரஷர் மேல் பழி போடுகிறார்கள். ஒன்றரை இன்ச் போதும்.

ரெட்லைன்_ராஜா
நடு ரேஞ்ச் பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன் அண்ணே. ஆனால் 4-1 போட்டால் கீழே இழப்பது இந்தச் சின்ன இன்ஜினில் அவ்வளவு தெரியாது. என் வண்டியிலும் 4-1தான், தினமும் ஆற்காடு வரை போகிறேன், குறையே தெரியவில்லை.

பழைய_வடஆற்காடு
மூன்றாவதாக ஒரு கருத்து: கை வைக்கவே வேண்டாம்.

வண்டி 2002 என்றால் ஆர்சியை 2017இல் புதுப்பித்திருப்பீர்கள், 2022இல் மறுபடி. அடுத்தது 2027. ஆர்டிஓ ஆபீசில் பானட்டைத் திறந்து பார்க்கச் சொன்னால் என்ன பதில் சொல்வீர்கள்? மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி கம்பெனி கொடுத்த அமைப்பை நாமாக மாற்ற முடியாது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டும் என்கிறது. அப்பா வாங்கிய வண்டி. நல்ல பிளக், புது ஆக்சிஜன் சென்சார், வால்வ் கிளியரன்ஸ், சுத்தமான இன்ஜெக்டர் இவை போதும். ஹெட்டரில் வரப்போகும் நாலைந்து குதிரையில் பாதி, மறந்துபோன பராமரிப்பிலேயே கிடைத்துவிடும்.

ரெட்லைன்_ராஜா
ஐயா, மரியாதையோடு சொல்கிறேன், இப்படிப் பார்த்தால் யாரும் எதையுமே கற்றுக்கொள்ள முடியாது. கேட்கானை (புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்) வெட்டி எறிவது வேறு, கேட்கானை அப்படியே விட்டுவிட்டு ஹெட்டர் மட்டும் மாற்றுவது வேறு.

பழைய_வடஆற்காடு
புகையைப் பொறுத்தவரை வேறுதான். சட்டம் அந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. கேட்கானைக் கழற்றுவதை நான் எந்த நாளும் ஏற்கமாட்டேன், பின்னால் பைக்கில் குழந்தையோடு வருகிறவர் அந்தப் புகையைக் குடிக்க வேண்டியதில்லை.

ராணிப்பேட்டை_ஆர்கான்
வெல்டிங் செய்கிறவன் என்ற முறையில் நான் சொல்லவேண்டியது உண்டு. "நம்ம ஊர்ப் பட்டறையில் சப்பையாகிவிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பெல் (பி.எச்.இ.எல். தொழிற்சாலை) பாய்லர் வேலை இருக்கிற ஊர் இது, இங்கே ஆர்கான் வெல்டிங் கைப்பழக்கமான ஆட்களுக்குக் குறைவில்லை. வளைவுகளை மேன்ட்ரல் பெண்டாக வெளியில் வாங்கி, இங்கே வெட்டி இணைக்கலாம். கேட்கவேண்டியதெல்லாம் வேறு.

304 ஸ்டீல் சூட்டில் சாதா இரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நீளும். நீள இடம் கொடுக்காமல் இறுக்கிக் கட்டினால் ஃப்ளேஞ்ச் (இன்ஜினோடு போல்ட் போடும் தட்டு) ஓரத்தில் விரிசல் நிச்சயம். போன வருடம் ஒரு நண்பர் ஆன்லைனில் வாங்கிய மலிவு ஹெட்டர் எட்டே மாதத்தில் பள்ளிகொண்டா டோல் தாண்டி டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. அவர் டேப்பட் (வால்வ் பகுதி) சத்தம் என்று நினைத்துக்கொண்டே ஓட்டியிருக்கிறார். விரிசல் வழியாக வெளிக்காற்று உள்ளே போய், சென்சார் பெட்ரோல் குறைவு என்று சொல்லி, இசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிவிட்டது. மைலேஜ் விழுந்த பிறகுதான் கண்டுபிடித்தோம். கழற்றிப் பார்த்தால் உள்பக்கம் வெல்டிங் முழுக்கக் கருகிச் சர்க்கரை மாதிரி பொரிந்து கிடந்தது. குழாய்க்குள் ஆர்கான் விடாமல் வெளியே மட்டும் அடித்திருக்கிறார்கள்.

அதனால் பட்டறையில் கேளுங்கள்: உள்ளே ஆர்கான் விடுவீர்களா? ஃப்ளேஞ்ச் 10 மில்லி கனமா, வெல்டிங் முடிந்தபின் மட்டம் பிடிப்பீர்களா? கீழே ஃப்ளெக்ஸ் பெல்லோஸ் (வளைந்து கொடுக்கும் குழாய்த் துண்டு) உண்டா? சென்சார் நாலும் சேர்ந்த இடத்தில் வரவேண்டும். ஒரு குழாயில் மட்டும் வைத்தால் அது ஒரு சிலிண்டரின் கதையை மட்டும்தான் சொல்லும்.

குழாய்க்கு வெப்பம் காக்கும் துணிச் சுற்று வேண்டாம். ஐப்பசி மழையில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வசதி இருந்தால் செராமிக் கோட்டிங்.

காட்பாடி_ஸ்பேனர்
சூடு பற்றிப் பேசியதால் சொல்கிறேன். இந்த இன்ஜினில் எக்ஸாஸ்ட் முன்பக்கம், ரேடியேட்டருக்கு நேர் பின்னால். கத்திரி வெயிலில் வேலூர் கிரீன் சர்க்கிளில் பத்து நிமிடம் நின்றால், ஹீட் ஷீல்டு இல்லாத மெல்லிய குழாய் ஃபேனை அணையவே விடாது. அங்கிருந்து குழாய் ஆயில் சம்ப்புக்கு (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) அடியில்தான் பின்னால் போகவேண்டும். தம்பி, அந்த 4-1ஐ வாங்கும் முன் எவ்வளவு கீழே தொங்குகிறது என்று அளந்து பாருங்கள். நம்ம ஊர் வேகத்தடைகளை நான் சொல்லவேண்டியதில்லை.

சத்துவாச்சாரி_விடெக்
நேற்று சென்னை போய் அளந்தேன். 4-1 கலெக்டர் (நாலு குழாயும் சேரும் இடம்) சம்ப்பைவிட 45 மில்லி கீழே இறங்குகிறது. என் தெருமுனை வேகத்தடையில் இப்போதே சம்ப் கார்டு உரசுகிறது.

4-2-1 என்று முடிவு செய்துவிட்டேன். ஒன்றரை இன்ச், கேட்கான் இருந்த இடத்திலேயே இருக்கும். ஐயா சொன்னதையும் விடவில்லை: பழைய மேனிஃபோல்டை (கம்பெனி கொடுத்த புகைக்குழாய்) எண்ணெய் பூசிப் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன். முதலில் பிளக், சென்சார், வால்வ் வேலையை முடித்துவிட்டு ஒருமுறை டைனோ (சக்தியை அளக்கும் மெஷின்), ஹெட்டர் போட்டபின் அதே டைனோவில் இன்னொருமுறை. இரண்டு தாளையும் இங்கே போடுகிறேன்.

பழைய_வடஆற்காடு
அபராதம் பற்றிய என் கருத்து மாறவில்லை. டைனோ தாளுக்குக் காத்திருக்கிறேன்.

ரெட்லைன்_ராஜா
45 மில்லிக்கு என்னிடம் பதில் இல்லை ப்ரோ. என் வண்டி தரையிலிருந்து இன்னும் கொஞ்சம் உயரம், அதனால் எனக்கு அது தெரியாமல் போயிருக்கிறது. டிராக்குக்கு 4-1தான் என்பதில் மட்டும் மாற்றமில்லை. சென்னைக்காரர் நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், ஃப்ளேஞ்ச் மட்டமாக இருந்தால் நண்பனின் டிராக் வண்டிக்கு நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.