குமுளியில் 12 அறை விடுதிக்குப் படுக்கை விரிப்பு: எந்தத் துணி, எப்படிச் சலவை?

குமுளி விடுதிக்காரர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். குமுளியில், தேக்கடிக்குச் செல்லும் சாலையை ஒட்டி, 12 அறைகள் கொண்ட விடுதியைக் குடும்பமாக நடத்தி வருகிறோம். இதுவரை பூப்போட்ட வண்ண விரிப்புகளையே பயன்படுத்தினோம். அறைகளைப் புதுப்பித்திருப்பதால், பெரிய ஹோட்டல்களைப் போல வெள்ளை விரிப்புக்கு மாறலாம் என்று வீட்டில் பேசி வருகிறோம். ஆனால் எங்களுக்கு வரும் அழுக்கை நினைத்தால் தயக்கமாக இருக்கிறது. மண்டல, மகரவிளக்குக் காலத்தில் ஐயப்ப பக்தர்கள் தங்குவதால், புதிய கறுப்பு வேட்டியின் சாயமும், சந்தனமும், குங்குமமும் விரிப்பில் இறங்குகின்றன. மற்ற மாதங்களில், ஆயுர்வேத உழிச்சில் (எண்ணெய் தேய்த்து உடலை நீவிவிடுதல்) முடித்துவிட்டு எண்ணெய்த் தலையோடு வந்து படுப்பவர்கள் அதிகம்.

இதற்கு மேல், ஜூனில் தொடங்கும் மழை நவம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்வதால், மாடியில் கட்டிய கொடியை நம்பி எதையும் துவைக்க முடிவதில்லை. விற்பனையாளர் ஒருவர் 600 இழை எண்ணிக்கை கொண்ட சாட்டின் விரிப்பே தரமானது என்கிறார். இன்னொருவர், பாலியஸ்டர் கலந்த துணியே விடுதிக்குப் போதும் என்கிறார். வெள்ளையைத் தேர்ந்தெடுப்பதற்கு அழகைத் தவிர வேறு காரணம் உண்டா? எந்தத் துணியை வாங்குவது, எத்தனை வாங்குவது, எப்படிச் சலவை செய்வது? இத்தொழில்களில் இருப்பவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கரூர் நெசவு பதில்:

வணக்கம் ஐயா. ஏற்றுமதிக்கான வீட்டு உபயோகத் துணிகள் தயாராகும் ஊரிலிருந்து எழுதுகிறேன். முதலில் அந்த 600 என்ற எண்ணைப் பார்ப்போம். இழை எண்ணிக்கை என்பது ஒரு சதுர அங்குலத்தில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல்களையும் குறுக்கே ஓடும் ஊடை நூல்களையும் கூட்டி வரும் தொகை. ஒற்றை நூலில் நெய்யும்போது ஓர் அங்குலத்திற்குள் நுழைக்கக்கூடிய நூலுக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டிச் சொல்லப்படும் பெரிய எண்கள் பலவும், இரண்டு மூன்று மெல்லிய புரிகளை முறுக்கிய ஒரே நூலை இரண்டாகவோ மூன்றாகவோ எண்ணிச் சொல்பவை. நல்ல ஹோட்டல்கள் பெரும்பாலும் 200 முதல் 300 வரையிலான எண்ணிக்கையிலேயே வாங்குகின்றன. அதைவிட அடர்த்தியான துணி கனமாக இருக்கும், தண்ணீரை அதிகம் பிடித்து வைத்துக்கொள்ளும், உலர நேரமும் எடுக்கும். உங்கள் ஊரில் அது பெருங்கேடு.

எண்ணைவிட நெசவு முக்கியம். பெர்கேல் எனப்படுவது ஊடை ஒரு பாவின் மேலும் அடுத்த பாவின் கீழும் மாறி மாறிச் செல்லும் நெருக்கமான சாதா நெசவு. மொடமொடப்பாக இருக்கும், துவைக்கத் துவைக்க மென்மையாகும். சாட்டின் நெசவில் நூல் நான்கு இழைகளுக்கு மேலாகச் சென்று ஒன்றின் கீழே இறங்குவதால் மேற்பரப்பு வழவழப்பாகவும் பளபளப்பாகவும் இருக்கிறது. ஆனால் அந்த நீண்ட மிதவை நூல்கள் கொலுசிலும் பெட்டிச் சக்கரத்திலும் மாட்டி எளிதில் பிசிறு எழும். தினமும் ஆள் மாறும் படுக்கைக்குப் பெர்கேல்தான் உழைக்கும் துணி என்பது என் உறுதியான கருத்து.

இனி, பருத்தியா கலப்பா என்ற கேள்வி. சாதாரணமான காற்றிலேயே பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8.5 விழுக்காடு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், பாலியஸ்டர் 0.4 விழுக்காடுதான். அதனால்தான் கலப்புத் துணி விரைவில் உலர்கிறது, குறைவாகவே கசங்குகிறது. மறுபுறம், பாலியஸ்டர் எண்ணெயை விடாது பற்றிக்கொள்ளும். நாளடைவில் மேற்பரப்பில் சிறு உருண்டைகள் எழும்பும். உடல் வியர்வையையும் அவ்வளவாக உறிஞ்சாது. உங்கள் மழையையும் எண்ணெயையும் சேர்த்துப் பார்த்தால், தலையணை உறைக்குத் தூய பருத்தியும், விரிப்புக்குப் பருத்தி மேலோங்கிய கலப்பும் (60க்கு 40) எடுப்பதே பொருத்தம். உலர்த்தும் எந்திரம் வைக்க முடியுமானால் விரிப்பையும் தூய பருத்தியிலேயே எடுத்துவிடுங்கள். படுப்பவருக்கு அந்த வேறுபாடு தெரியும்.

அளவு எடுக்கும்போது, பருத்தி முதல் சில சலவைகளில் 3 முதல் 5 விழுக்காடு சுருங்கும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். மெத்தையின் அகலத்தோடு இரு பக்கத் தடிமனையும், அடியில் செருகுவதற்கான துணியையும் கூட்டி வாங்க வேண்டும். ஓரத்தில் எலாஸ்டிக் வைத்துத் தைத்தவை வேண்டாம். வெப்பத்தில் எலாஸ்டிக் தளர்ந்துவிடும், சூடான உருளையில் துணியைச் செலுத்தித் தேய்க்கும் ரோலர் இஸ்திரியிலும் அது ஒழுங்காகப் போகாது. தட்டையான விரிப்பையோ எந்தப் பக்கமும் திருப்பிப் போடலாம்.

கம்பம் சலவையகம் பதில்:

ஐயா, வணக்கம். குமுளி விடுதிகள் சிலவற்றின் துணி எங்களிடம் கீழே வருகிறது. மேலே சாரல் அடிக்கும் பல நாட்களில் கம்பத்தில் வெயிலும் காற்றும் இருக்கும் என்பதால், மலைப்பாதையில் துணியை இறக்கி ஏற்றும் செலவு அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது. நீங்கள் வீட்டிலேயே துவைத்தாலும் வெளியே கொடுத்தாலும், வெள்ளையை ஏன் விரும்புகிறார்கள் என்பதைச் சலவைத் துறையின் பக்கமிருந்து சொல்கிறேன்.

1999இல் வெஸ்டின் ஹோட்டல் குழுமம் 'ஹெவன்லி பெட்' என்ற பெயரில் முழு வெள்ளைப் படுக்கையை அறிமுகப்படுத்திய பிறகு, மற்ற குழுமங்களும் அவ்வழியைப் பின்பற்றின. விருந்தினரின் கண்ணுக்கு அது தூய்மை. சலவைக்காரருக்கோ அது வேலைச் சுருக்கம். வெள்ளையாக இருந்தால் விரிப்பு, தலையணை உறை, துண்டு ஆகியவற்றுக்கு ஒரே வகையான சோப்பும் சூடும் வெளுப்பானும் போதும். சாயம் போகுமே என்ற அச்சமில்லாமல் சூட்டைக் கூட்டலாம். ஒரு விரிப்பு கிழிந்தால் அதன் இணையைத் தேட வேண்டியதில்லை. கறை எங்கே இருக்கிறது என்று உடனே தெரிவதும் நன்மைதான். பூப்போட்ட விரிப்பு அழுக்கை மறைக்கும், ஆனால் நீக்காது.

1959இல் ஹென்கெல் நிறுவனத்தின் வேதியியலாளர் ஹெர்பர்ட் சின்னர், சலவை என்பது வேதிப்பொருள், சூடு, நேரம், அடித்தல் அல்லது அலசுதல் என்ற நான்கின் கூட்டு என்றும், ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றைக் கூட்ட வேண்டும் என்றும் வகுத்துக் கூறினார். நம் ஊர்களில் உவர்மண்ணில் ஊறவைத்து, வெள்ளாவிப் பானையில் இரவு முழுவதும் ஆவி பிடிக்க வைத்து, விடியலில் துறைக்கல்லில் அடித்துத் துவைத்தவர்களின் முறையில் இந்த நான்கும் அடங்கியிருந்தன. அவர்களின் கைத்திறனைப் பற்றி நம் தொழிலில் இன்னும் அதிகம் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

எந்திரத்தில் சூட்டுக்கு ஒரு கணக்கு உண்டு. பிரிட்டனின் மருத்துவமனைச் சலவை வழிகாட்டுதல், கிருமி நீக்கத்திற்கு 65 டிகிரி செல்சியஸில் குறைந்தது 10 நிமிடம் அல்லது 71 டிகிரியில் குறைந்தது 3 நிமிடம் துணி இருக்க வேண்டும் என்கிறது. துணிப் பொதிக்குள் சூடு பரவக் கூடுதல் நேரமும் தேவை. விடுதிக்கும் அதையே இலக்காகக் கொள்ளலாம். பாலியஸ்டர் கலந்த துணியாக இருந்தால், சுடுநீரை வடித்தவுடன் குளிர்ந்த நீரைத் திறந்துவிடாதீர்கள். திடீர்க் குளிர்ச்சியில் மடிப்புகள் நிலைத்துவிடும். சூட்டைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

குளோரின் வெளுப்பான் குறித்து மட்டும் மிகுந்த கவனம் தேவை. அதை 60 டிகிரிக்கு மேல் பயன்படுத்தினால் வெண்மையைவிடப் பருத்தியின் வலு போவதே வேகமாக நடக்கும். தண்ணீரில் இரும்பு இருந்தால் பாதிப்பு இன்னும் அதிகம். துருக்கறை உள்ள இடத்தில் குளோரின் பட்டால் அங்கேயே ஓட்டை விழும். துருவுக்கு ஆக்சாலிக் அமிலம்தான் மருந்து, ஆனால் அதை வெளுப்பானோடு ஒருபோதும் கலக்கக் கூடாது. நச்சு வாயு கிளம்பும். பெராக்சைடு வகை வெளுப்பானுக்கு எதிர்மாறாக 70 டிகிரிக்கு மேல் சூடு இருந்தால்தான் வேகம் வரும். துணிக்கும் அது மென்மையானது. கடைசி அலசலில் லேசான அமிலம் சேர்த்துச் சோப்பின் காரத்தைச் சமன்செய்வது பலர் தவிர்க்கும் படி. மீதமிருக்கும் காரம் இஸ்திரிச் சூட்டில் வெள்ளையை மஞ்சளாக்கும். படுப்பவரின் தோலையும் அரிக்கும். உஜாலா போன்ற நீலத்தை அதற்குப் பிறகு அளவோடு இடலாம். அது மஞ்சள் சாயலை மறைக்கும், அழுக்கை எடுக்காது.

மழைக்காலத்திற்கு: துவைத்த துணியை ஹைட்ரோ எனப்படும், சுழற்றி நீரைப் பிழியும் எந்திரத்தில் நன்றாகப் பிழிந்து, ஈரப்பதம் இருக்கும்போதே ரோலர் இஸ்திரியில் கொடுத்தால், உலர்த்தலும் இஸ்திரியும் ஒரே வேலையில் முடிகின்றன. பெரிய ஹோட்டல்கள் விரிப்பைக் கொடியில் போடாமல் இருப்பதற்கு இதுவே காரணம். ஈரத் துணியைக் கூடையில் ஓர் இரவு விட்டாலே பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். அந்தக் கரும்புள்ளியை எடுப்பதற்குள் துணி பாதி போய்விடும்.

குமுளி விடுதிக்காரர்:

இருவருக்கும் நன்றி. குமுளியிலேயே ஒரு சிறிய எந்திரம் வைத்துத் துண்டுகளையும் தலையணை உறைகளையும் துவைத்துக்கொண்டு, விரிப்புகளை மட்டும் கம்பத்திற்கு அனுப்பலாம் என்று தோன்றுகிறது. எண்ணெய், மஞ்சள், கறுப்புச் சாயம் ஆகியவற்றைப் பற்றியும், எத்தனை வாங்குவது என்றும் யாராவது சொல்ல முடியுமா?

தேக்கடி அறைப் பராமரிப்பு பதில்:

அண்ணா, வணக்கம். ஹோட்டல் ஒன்றில் அறைப் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கிறேன். எண்ணெயைப் பற்றி முதலில் எழுதுகிறேன், ஏனெனில் அது உயிர் தொடர்பானது. ஆயுர்வேதத் தைலங்கள் பெரும்பாலும் நல்லெண்ணெயில் காய்ச்சப்படுகின்றன. நல்லெண்ணெய் காற்றோடு வினைபுரிந்து தானே சூடாகும் தன்மையுள்ளது. தேங்காயெண்ணெய்க்கு அத்தன்மை மிகக் குறைவு. எண்ணெய் முழுவதும் போகாத துண்டை உலர்த்தும் எந்திரத்தில் சூடேற்றி, அந்தச் சூட்டோடு மடித்து அடுக்கி வைத்தால், அடுக்கின் நடுவில் வெப்பம் தேங்கி, யாரும் தீ வைக்காமலேயே பற்றிக்கொள்ளும். அதனால் உழிச்சில் துண்டுகளைத் தனியாகச் சேகரித்து, சூடான காரநீரில் ஊறவைத்துத் தனியாகத் துவையுங்கள். எந்திரத்தின் குளிரூட்டும் சுற்று முழுவதும் முடியும்வரை வெளியே எடுக்காதீர்கள். எண்ணெய் வாசம் விடாத துண்டை உலர்த்தும் எந்திரத்தில் போடவே கூடாது. தலையில் எண்ணெயோடு வருபவருக்கு, தலையணைமேல் விரிக்க அடர்நிறத் துண்டு ஒன்றைக் கேட்காமலேயே கொடுத்துவிடுங்கள்.

மஞ்சள் கறையில் சோப்புப் பட்டால், ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்ட மஞ்சள்போலச் சிவக்கும். அதைக் கண்டு பயந்து தேய்க்க வேண்டாம். சோப்பில் அலசிவிட்டு வெயிலில் போட்டால் மஞ்சளின் நிறம் ஒளியில் சிதைந்துவிடும். இரத்தக் கறைக்கு முதலில் குளிர்ந்த நீர் மட்டுமே. சூடு பட்டால் புரதம் உறைந்து நிலைத்துவிடும். துண்டுகளுக்கு மென்மையூட்டும் திரவம் தேவையில்லை, அது துண்டின் உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும்.

ஐயப்ப பக்தர்களில் விரதம் காப்பவர்கள் பலர் மெத்தையில் படுப்பதில்லை, தரையில் விரிக்கத்தான் கேட்பார்கள். அவர்களுக்கென்று அடர்நீலத்தில் தனி விரிப்புகள் வைத்திருங்கள். வேட்டிச் சாயம் படும் கவலையும் குறையும், வெள்ளை விரிப்புகளும் அந்தக் கூட்டத்தில் பிழைக்கும்.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை, கட்டிலில் ஒன்று, சலவையில் ஒன்று, அலமாரியில் ஒன்று என மூன்று தொகுதிகள் குறைந்தபட்சம். விரிப்புகள் மலையிறங்கிப் போய் வருவதால் உங்களுக்கு நான்கு வேண்டும். ஓர் அறைக்கு ஒரு கட்டில், ஒரு கட்டிலுக்கு இரண்டு விரிப்பு என்றால் 96 விரிப்புகள் வரும். அனைத்தையும் ஒரே முறை வாங்கி, வாங்கிய ஆண்டைக் குறிக்க ஓரத்தில் ஒரு வண்ண நூல் தையல் போட்டு வையுங்கள். சலவையிலிருந்து வந்ததை அலமாரியின் அடியில் வைத்து, மேலிருந்து எடுத்துப் பயன்படுத்தினால் எல்லாம் ஒரே சீராகத் தேயும். அடுத்த கொள்முதலில் வேறு நிற நூல் தைத்தால், எதை விலக்க வேண்டும் என்று புதிதாகச் சேர்ந்த பையனுக்கும் தெரியும். விலக்கிய விரிப்புகளை வெட்டித் தலையணை உறையாகவோ துடைக்கும் துணியாகவோ மாற்றிக்கொள்ளலாம்.