இரண்டு தள டேட்டாபேஸ் கிளஸ்டர்: மூன்றாவது வாக்கை எங்கே வைப்பது?

நண்பர்களே, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் கிளஸ்டரை (ஒரே டேட்டாவின் நகல்களை வைத்திருக்கும் சர்வர் கூட்டத்தை) இரண்டு ஊர்களில் பிரித்து வைத்திருப்பவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

முதன்மைத் தளத்தில் இரண்டு சர்வர், தொலைவிலுள்ள மாற்றுத் தளத்தில் ஒன்று. தலைமை சர்வர் விழுந்தால் வேறொன்றை உயர்த்தும் பேட்ரோனி, அதற்கு ஓட்டெடுப்பு நடத்தும் எட்சிடி இரண்டும் அதே 2+1 கணக்கில் ஓடுகின்றன. போன வாரம் ஒத்திகைக்காக இரு தளங்களுக்கும் இடையிலான இணைப்பைத் துண்டித்தோம். மாற்றுத் தளம் பொறுப்பேற்கும் என்று பார்த்தால் அசையவே இல்லை. அப்புறம்தான் உறைத்தது: 3 ஓட்டில் 2 இல்லாமல் எட்சிடி எதையும் முடிவு செய்யாது. அது செய்தது சரிதான். இல்லையென்றால் இரு பக்கமும் ஆளுக்கொரு பிரைமரி (எழுத்துகளை ஏற்கும் தலைமை சர்வர்) முளைத்து டேட்டா பிளந்திருக்கும். ஆனால் முதன்மைத் தளம் நிஜமாகவே எரிந்துபோனாலும் இதே கதைதானே?

மூன்றாவது இடத்தில் சாட்சியாக ஓர் எட்சிடி வைத்து 1+1+1 ஆக்கலாம். அல்லது மாற்றுத் தளத்துக்குத் தனி எட்சிடி கொடுத்து, முதன்மையைப் பின்தொடரும் ஸ்டாண்ட்பை கிளஸ்டராக்கி, தேவைப்படும்போது கையால் உயர்த்தலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது, நள்ளிரவில் எழுந்திருக்க வேண்டும் என்பதைத் தவிர.

ரெப்ளிகேஷன் (மாற்றுத் தளத்துக்கு டேட்டாவை நகலெடுப்பது) அசிங்க்ரனஸ்தான், அதாவது மறுபக்கத்தின் பதிலுக்குக் காத்திருக்காது. 1000 கிலோமீட்டர் ஃபைபரில் போய்வர ஒளிக்கே சுமார் 10 மில்லிசெகண்ட் ஆகும். ஒவ்வொரு கமிட்டும் (எழுதியதை உறுதிசெய்வது) காத்திருந்தால் எங்கள் அப்ளிகேஷன் தாங்காது.

இன்னொரு தலைவலி: இணைப்பு நெடுநேரம் அறுந்தால் ஸ்டாண்ட்பை இன்னும் வாங்கவில்லை என்று ரெப்ளிகேஷன் ஸ்லாட் பிடித்துவைக்கும் வால் (WAL, மாற்றங்களின் பதிவு) கோப்புகள் பிரைமரியின் டிஸ்கை நிரப்பிவிடுகின்றன. உச்சவரம்பு வைத்தால் ஸ்டாண்ட்பை பின்தங்கி, மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டியதாகிறது. நீங்கள் அந்த அளவை எப்படிக் கணக்கிட்டீர்கள்? பழைய தளம் திரும்பியதும், பழைய பிரைமரியைப் புதியதோடு ஒத்துப்போக வைக்கும் பிஜி ரீவைண்ட் கைகொடுத்ததா?