தருமபுரி, கிருஷ்ணகிரியில் வேளாண் சுற்றுலா ஆய்வு: யாரிடம், எப்போது, என்ன கேட்பது?

தகடூர்_ஆய்வு:

வணக்கம். முனைவர் பட்டத்துக்கு இரண்டு மாவட்டத்திலும் வேளாண் சுற்றுலாவையும், கிராமத்துச் சாப்பாட்டைத் தேடி வருகிறவர்களையும் எடுத்திருக்கிறேன். மையக் கேள்வி: இதனால் விவசாயியின் வருமானம் கூடுகிறதா?

முன்வரைவு இப்படி இருக்கிறது. ஒகேனக்கல், கே.ஆர்.பி. அணை, ஓசூர்–தளி பக்கத்துப் பண்ணைகள் ஆகிய மூன்று இடங்களில் மொத்தம் 384 பயணிகள். ஐந்து புள்ளி அளவுகோலில் 32 கேள்விகள். விவசாயிகள் 30 பேர். கள வேலை மே, ஜூன். பகுப்பாய்வுக்கு காரெட் தரவரிசையும் (காரணங்களை வரிசைப்படுத்தச் சொல்லி, அந்த இடங்களை மதிப்பெண்ணாக மாற்றும் முறை) காரணிப் பகுப்பாய்வும் (ஒன்றுபோல் பதில் வரும் கேள்விகளைச் சில பொதுக் காரணிகளாகச் சேர்க்கும் முறை). ஆய்வுக் குழுவின் முன் வைப்பதற்குள் எங்கே இடிக்கும் என்று தெரிந்தால் திருத்திக்கொள்வேன்.

களிக்கோல்:

முதல் இடி தலைப்பிலேயே இருக்கிறது. கேள்வி விவசாயியின் வருமானம். பதில் கேட்பது 384 பயணிகளிடம். வந்தவருக்குத் திருப்தியா என்பதை வைத்து, வரவேற்றவருக்கு லாபமா என்று சொல்ல முடியாது. பயணிகளைக் குறைத்து விவசாயிகள் பக்கம் எடையைக் கூட்டுங்க.

அடுத்தது, எதை வேளாண் சுற்றுலா என்று எண்ணப் போறீங்க? பிலிப், ஹண்டர், பிளாக்ஸ்டாக் மூவரும் 2010-ல் கொடுத்த வகைப்பாடு இதற்குப் போதும். மூன்றே சோதனை: அது உண்மையில் விவசாயம் நடக்கும் பண்ணையா, வருகிறவருக்கு விவசாய வேலையோடு நேரடித் தொடர்பா, விளைபொருள் வழியாக மட்டுமா, தொடர்பே இல்லையா, அவர் பார்ப்பது நிஜ வேலையா, காட்டுவதற்காகச் செய்வதா. ஒகேனக்கல் மீன் வறுவல் கடை முதல் சோதனையிலேயே விழுந்துவிடும். அங்கே வருகிறவர் அருவிக்கும் பரிசலுக்கும் வருகிறார், மீன் கூடவே கிடைக்கிறது. ஹால், ஷார்ப்பிள்ஸ் 2003-ல் வகுத்தபடி உணவே முதன்மைக் காரணமாக இருந்தால்தான் உணவுச் சுற்றுலா. ஆகவே ஒகேனக்கலை ஒப்பீட்டுக்கு வைக்கலாம், மாதிரியில் கலக்கக் கூடாது.

தளிச் சாலையில் நான்கு குடிசையும் இரண்டு மாடும் வைத்த விடுதியை என்ன செய்வது என்பது அடுத்த தலைவலி. இத்தாலி தன் சட்டத்தில், 1985-லும் பிறகு 2006-லும், விவசாயமே முதன்மையாக இருக்க வேண்டும், விருந்தோம்பல் அதோடு இணைந்த தொழிலாக மட்டும் இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தது. நீங்களும் ஒரு வரம்பு எழுதுங்க: குடும்ப உழைப்பு நாட்களில் பாதிக்கு மேல் பயிரிலோ கால்நடையிலோ போகிறதா? போகாவிட்டால் தனிப் பட்டியல்.

இனி வருமானம். பயிற்சிக் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் வாசகம், "சுற்றுலா வந்தால் சிறுதானியப் பரப்பு கூடும்". தட்டிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு கிலோ ராகி மாவுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர். ஆவியானது போக மூன்று கிலோவுக்கு மேல் களி வரும். 300 கிராம் உருண்டையாகப் பிடித்தால் பத்து. வார இறுதியில் 40 பேர், ஆளுக்கு ஒன்றரை உருண்டை என்றால் 60 உருண்டை, ஆறு கிலோ மாவு. வருடம் 50 வாரமும் ஆள் வந்தாலும் 300 கிலோதான். மானாவாரியில் ஏக்கருக்கு 600 கிலோ என்று வைத்தால் அரை ஏக்கரில் முடிந்துவிட்டது. விளம்பரப் பலகையில் பெரிய எழுத்தில் இருப்பது ராகிக் களி, ஆனால் பணம் ஓடுவது வேறு பக்கம்.

கோழியை எடுங்க. நாட்டுக்கோழி வெட்டுக்கு வர ஐந்தாறு மாதம் ஆகும். வாரம் பத்துக் கோழி அடிக்கிற பண்ணையில் எல்லா வயதிலுமாகச் சேர்த்து 220 முதல் 260 வரை கோழி நின்றாக வேண்டும், நோயில் சாகிறது தனி. கொட்டகையில் முப்பதுதான் மேய்கிறது என்றால் மீதி வெளியிலிருந்து வருகிறது. இதை நேராகக் கேட்டால் பதில் வராது. கொட்டகையை எண்ணினால் வரும்.

ஆகவே ஒவ்வொரு பண்ணையிலும் ஒரு சாப்பாட்டுக்குத் தட்டுக் கணக்கு எடுங்க. களி, கீரைக் கடைசல், கொள்ளு, கோழி, புளி, எண்ணெய், அரிசி, தயிர் என்று ஒவ்வொன்றுக்கும் எடை, விலை, எங்கிருந்து வந்தது: சொந்த நிலம், அதே ஊர், வாரச் சந்தை, மொத்தக் கடை. எண்ணெயும் அரிசியும் பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான் விழும். சுற்றுலாவுக்கும் உணவு உற்பத்திக்கும் நடுவில் உள்ள தொடர்பை டெல்ஃபர், வால் என்ற ஆய்வாளர்கள் 1996-ல் இந்தோனேசியாவின் லாம்பாக் தீவு விடுதி ஒன்றை வைத்து ஆராய்ந்தார்கள். அந்த வழியை இங்கே பண்ணை அளவுக்குச் சுருக்கிக்கொள்ளலாம்.

லாபத்துக்குப் பகுதி வரவு–செலவு முறை. ஒரு பக்கம் கூடிய வரவும் குறைந்த செலவும், மறு பக்கம் கூடிய செலவும் குறைந்த வரவும். கடைசி இனத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்: ஆள் வந்த அன்று பறிக்காமல் விட்ட தக்காளி. வீட்டுப் பெண்களின் உழைப்புக்கு உள்ளூர்க் கூலி போடாமல் எந்த லாபக் கணக்கும் எழுதாதீங்க. மத்திய அரசின் வேளாண் செலவு, விலை ஆணையம் சாகுபடிக்குக் குடும்ப உழைப்பைச் சேர்த்துக் கணக்கிடுகிறதே, அதையே சமையலுக்கும் பயன்படுத்தலாம்.

மானாவாரி:

மே, ஜூன் மட்டும் என்றால் அது மாம்பழ ஆய்வு, வேறு ஒன்றும் இல்லை. ராகி ஆடியில் விதைத்து ஐப்பசி, கார்த்திகையில் அறுப்பு. புளி உலுக்குவது தை முதல் பங்குனி வரை. ஓசூர் பக்கம் அவரை குளிர்காலத்தில். நீங்கள் போகும் மாதத்தில் ராகிக் காடு வெறும் உழவாகக் கிடக்கும். குறைந்தது மூன்று சுற்று வேண்டும்: மாம்பழம், ராகி அறுப்பு, புளி.

ஒகேனக்கலை ஒப்பீட்டுக்கு வைத்தாலும் ஆடிப் பெருக்குக் கூட்டத்தையும் காவிரியில் நீர்வரத்து கூடிப் பரிசலை நிறுத்தும் நாட்களையும் கலந்து சராசரி எடுக்காதீங்க. அன்றைய நீர்வரத்தை வினாத்தாள் தலைப்பிலேயே குறிங்க.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஜவளகிரி பக்கம் ராகி பால் பிடிக்கும்போது யானை இறங்கும். அந்த மாதங்களில் விவசாயி இரவில் காவல் பரணில் இருப்பார், விருந்தாளியைத் தங்க வைக்க மாட்டார். காரணம் தெரியாமல் "ஆர்வமின்மை" என்று எழுதினால் அது தப்புத் தரவு.

மாந்தோப்பில் ஒரு செலவு இருக்கிறது, எந்த வினாத்தாளிலும் காணோம். வந்தவர்கள் கையால் இழுத்துப் பறித்தால் காம்பு அடியோடு பிடுங்கி, பால் வழிந்து தோலில் கருகல் விழும். இரண்டு நாளில் அந்த இடம் கறுத்துவிடும், அல்போன்சாவும் செந்தூராவும் மேசைப் பழமாக விலை போகாது. பெங்களூரா என்றால் மாங்கூழ் ஆலைக்குப் போவதால் அவ்வளவு அடி இல்லை. ஒரு சென்டிமீட்டர் காம்போடு வெட்டச் சொல்லிக் கத்தரிக்கோல் கொடுக்கிற தோப்பையும் கொடுக்காத தோப்பையும் தனித்தனியாகக் கழிவு எடை போடுங்க. மருந்து அடித்த நாளும் கேளுங்க. மருந்து அடித்தபின் பறிக்காமல் விட வேண்டிய காத்திருப்பு நாள் முடியுமுன் ஆளை உள்ளே விடும் தோப்பு இருந்தால் அது உங்கள் ஆய்வு அறப் பிரச்சினையும்கூட.

ஓரளவு_சராசரி:

384 ஒன்றும் மந்திர எண் இல்லை. 95 சதவீத நம்பிக்கை, 5 சதவீதப் பிழை, விகிதம் பாதிக்குப் பாதி, எளிய சமவாய்ப்பு மாதிரி என்ற நான்கு நிபந்தனைக்குள் வரும் எண். நீங்கள் எடுப்பது சமவாய்ப்பு மாதிரியே அல்ல. அதோடு ஒரே காரில் வந்த நான்கு பேர் ஒரே மாதிரி பதில் சொல்வார்கள். ஒரே காருக்குள் பதில்களின் ஒப்புமை (0 முதல் 1 வரையான அளவில்) 0.3 என்றால், கூட வந்த மூவரையும் சேர்த்து 1 + 3 × 0.3 = 1.9 மடங்கு, அதாவது 384-க்குச் சமமான துல்லியத்துக்கு 730 பேர். அதைவிட எளிது, காருக்கு ஒருவர்: பதினெட்டு வயது நிறைந்தவர்களில் கடைசியாகப் பிறந்தநாள் வந்தவர். செலவை மட்டும் கார் முழுவதற்கும், திரும்பும்போது, இனம் இனமாகக் கேளுங்க.

32 கேள்வியும் "நன்றாக இருந்தது" என்ற ஒரே திசையில் இருந்தால், பக்கத்தில் பண்ணைக்காரர் நிற்கும்போது எல்லாவற்றுக்கும் நான்கும் ஐந்தும்தான் விழும். காரணிப் பகுப்பாய்வில் ஒரே காரணி எழும், அதற்கு நாகரிகமாக ஒரு பெயர் வைப்பீர்கள். அது மரியாதைதான், வேறொன்றும் இல்லை. கேள்வியை வாசலுக்கு வெளியே கேளுங்க, மூன்றில் ஒரு பங்கு கேள்விகளையாவது எதிர்த் திசையில் எழுதுங்க.

காரெட் நம்ம ஊர் ஆய்வேடுகளின் நிரந்தர விருந்தாளி. ஐந்து காரணம் என்றால் சதவீத நிலைகள் 10, 30, 50, 70, 90; அட்டவணையைப் பார்த்து மதிப்பெண் போட்டுச் சராசரி எடுத்தால் முடிந்தது. ஆனால் 30 பேரில் முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் நிஜமா என்று அது சொல்லாது. முதலில் கெண்டாலின் ஒத்திசைவுக் கெழு பாருங்க, பதில் சொன்னவர்களின் வரிசைகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று அது காட்டும். அது தாழ்ந்திருந்தால் தரவரிசைப் பட்டியலையே போடாதீங்க.

தகடூர்_ஆய்வு:

மூவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். வயதானவர்களிடம் ஐந்து புள்ளி அளவுகோல் எடுபடுமா? பண்ணைக்காரர்கள் வருமானத்தைச் சரியாகச் சொல்வார்களா?

களிக்கோல்:

அளவுகோலுக்குப் பதில் இருபது புளியங்கொட்டை. காரணங்களைப் படமாக வரைந்து தரையில் வைத்து, "எதற்கு எவ்வளவு என்று பிரித்து வையுங்க" என்றால் போதும். தரவரிசை மறைக்கும் இடைவெளியும் இதில் தெரியும். வினாத்தாள் தமிழில் மட்டும் இருந்தால் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டையில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற குடும்பங்களிடம் பதில் மெலிந்துவிடும். மூன்று மொழியிலும் எழுதி, வேறொருவரை வைத்துத் திருப்பித் தமிழாக்கிச் சரிபாருங்க.

வருமானத்தை நேராகக் கேட்காதீங்க. விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி இல்லை, ஆனால் தங்கவைத்துச் சோறு போட்டு வாங்கும் பணம் விவசாய வருமானம் ஆகாது. அது தெரிந்தவர் குறைத்துச் சொல்வார், தெரியாதவர் பயந்து சொல்லாமலே இருப்பார். போன சனி, ஞாயிறு எத்தனை இலை போட்டீங்க, தலைக்கு என்ன விலை, எத்தனை சிலிண்டர் தீர்ந்தது என்று கேட்டு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்க. சிலிண்டரும் இலையும் ஒத்துப் போகாத இடத்தில் விறகடுப்பு இருக்கிறதா என்று பின்கட்டைப் பாருங்க.